'பிராய்'க்கு அழைத்திருக்கிறார்கள், என்ன கொண்டுபோவது?

கேள்வி: வேலை நிமித்தம் சமீபத்தில்தான் ஜோகன்னஸ்பர்க் வந்தோம். அலுவலக நண்பர் ஒருவர், "சனிக்கிழமை ஒரு மணிக்கு எங்கள் வீட்டில் பிரிங் அண்ட் பிராய்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். பிராய் என்றால் பார்பெக்யூதானே? வெறுங்கையோடு போகலாமா? நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, மனைவி சைவம்.

பதில்: வெறுங்கையோடு போகாதீர்கள். 'பிரிங் அண்ட் பிராய்' என்றால் அவரவர் சாப்பிடும் இறைச்சியை அவரவரே வாங்கி வரவேண்டும். குடிப்பதற்கு வேண்டியதும் உங்கள் பொறுப்புதான். வீட்டுக்காரர் தருவது நெருப்பும் இடமும், பெரும்பாலும் கொஞ்சம் ரொட்டியும் சாலடும். அழைப்பில் வெறுமனே 'பிராய்' என்று இருந்தால் இறைச்சி அவர் செலவு. அப்போதும் "நாங்கள் என்ன கொண்டுவரட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சொல், டச்சிலிருந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த ஆப்பிரிகான்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'பிராய்' என்றால் சுடுவது, 'ஃப்லெய்ஸ்' என்றால் இறைச்சி. 'பிராய்ஃப்லெய்ஸ்' என்பதே முழு வடிவம். தென்னாப்பிரிக்க ஆங்கிலம் அதன் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு தன் இலக்கணத்துக்குள் போட்டுக்கொண்டது. சுடும் வேலைக்கும் பிராய், சுடும் அடுப்புக்கும் பிராய், அதைச் சுற்றிக் கூடும் விருந்துக்கும் பிராய். வினைச்சொல்லாகவும் வரும்: நேற்று மீனை 'பிராய்ட்' செய்தோம் என்பார்கள். 'டிரை', 'ஸ்கை' போன்ற சொற்களின் ஓசையில் முடியும். 'ப்ரே' என்று சொல்லிவிடாதீர்கள், அது பிரார்த்தனை ஆகிவிடும்.

பார்பெக்யூ என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும், ஆனால் யாரும் தங்கள் வீட்டு விருந்தை அப்படிச் சொல்லமாட்டார்கள். பொருளும் முழுக்க ஒன்றல்ல. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பார்பெக்யூ என்பது இறைச்சியை மூடிய அடுப்பில், குறைந்த சூட்டில், புகையிலேயே பல மணி நேரம் வேகவைப்பது. பிராய் அப்படியல்ல. திறந்த இடத்தில் விறகை எரித்து, அது கங்கான பிறகு மேலே கம்பித்தட்டை வைத்துச் சுடுவது. கேஸ் அடுப்பில் சுட்டால் அது பிராயே இல்லை என்று வாதாடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் பக்கம்தான் நானும். ஏனென்றால் அந்தக் காத்திருப்புதான் விருந்தே.

இதுதான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம். ஒரு மணி என்றால் ஒரு மணிக்கு இலை போட்டிருக்கும் என்று பசியோடு போய்விடுவார்கள். பல வீடுகளில் விருந்தினர் வந்த பிறகுதான் நெருப்பே மூட்டுவார்கள். விறகு கனிந்து கங்காக முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். சாப்பிட மூன்று மணி ஆனாலும் ஆச்சரியமில்லை. அதுவரை எல்லோரும் நெருப்பைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் உள்ளே போய் சோபாவில் உட்காராமல் அங்கே நில்லுங்கள். இடுக்கியை மட்டும் தொடாதீர்கள். அடுத்தவர் நெருப்பைக் கிளறுவதும், அவர் சுடும் இறைச்சியைத் திருப்பிப் போடுவதும் மரியாதைக் குறைவு.

உங்களுக்கு ஆட்டுச் சாப்ஸும் கோழியும் போதும். கம்பியில் கோத்த 'சொசாட்டி'யும் வாங்கலாம். கேப் டவுன் பக்கத்து முஸ்லிம் சமூகமான கேப் மலாய் மக்களின் சமையலிலிருந்து வந்தது, எந்த இறைச்சி என்று கேட்டு வாங்குங்கள். சுருள் சுருளாக வைத்திருக்கும் 'பூரவோர்ஸ்' தொத்திறைச்சியைத் தவிர்த்துவிடுங்கள். வறுத்த கொத்தமல்லி விதையின் வாசனை தூக்கலாக இருப்பதால் நம் மூக்கை உடனே இழுக்கும். ஆனால் அதில் மாட்டிறைச்சிதான் பிரதானம், பெரும்பாலும் பன்றிக் கொழுப்பும் சேரும்.

உங்கள் மனைவிக்குக் கவலை வேண்டாம். 'பிராய்ப்ரூய்கி' என்று ஒன்று உண்டு: இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே சீஸ், தக்காளி, வெங்காயம், கொஞ்சம் பழச்சட்னி, வெளிப்புறம் வெண்ணெய் தடவி, மடக்குக் கம்பித்தட்டில் அடைத்து, தணிந்த கங்கில் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். சீஸ் உருகி ஓரத்தில் கசியும்போது எடுத்துவிட வேண்டும். வழக்கமாக இதைக் கடைசியில்தான், இறைச்சி சுட்ட அதே கங்கின் மேல் வைப்பார்கள். ஆகவே ஒரு மடக்குத் தட்டைத் தனியாக வாங்கிக்கொண்டு போய், "இதை முதலில் வைத்துவிடலாமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். முகம் சுளிக்கமாட்டார்கள். மக்காச்சோளக் கதிர், பனீர் எல்லாமே அந்தத் தட்டில் சுடலாம். மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிண்டிய 'பாப்' களியும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் காரமான 'சக்கலக்கா' காய்கறிக் கலவையும் இருந்தால் நமக்கு அந்நியமாகவே தோன்றாது.

சொல் ஆப்பிரிகான்ஸ் என்றாலும் வழக்கம் ஒரு சமூகத்தாருடையது மட்டும் அல்ல. கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் இதே தீயும் இறைச்சியும் 'ஷிசா நியாமா' என்ற பெயரில் வாழ்கின்றன. செப்டம்பர் 24 அங்கே மரபு தினம், பொது விடுமுறை. அதை நாடே சேர்ந்து பிராய் போடும் நாளாக்கும் பிரச்சாரத்தை 2005இல் ஜான் ஸ்கேனல் தொடங்கினார்; 2007இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதன் புரவலரானார். பல மரபுகளைக் கொண்டாட வேண்டிய நாளை இறைச்சி சுடும் நாளாகச் சுருக்குவதா என்ற எதிர்ப்பும் இன்றுவரை இருக்கிறது. அதிலும் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்தத் தேதி நம் புரட்டாசியில் விழும். நீங்களும் புரட்டாசியில் கவிச்சி தொடாதவர் என்றால், அன்றைக்கு அழைப்பு வந்தால் தயங்காமல் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்த டர்பன் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அந்த மாதம் இறைச்சியை ஒதுக்கிவிடும். அலுவலகத்தில் டர்பன்காரர் யாராவது இருந்தால் நீங்கள் விளக்கவே வேண்டாம். 'புரட்டாசி' என்ற ஒரு சொல் போதும்.