வெர்மீர் சுவருக்குள் இருந்த க்யூபிட்: கேள்வி பதில்

ஜன்னலோரம் நின்று கடிதம் படிக்கும் பெண்ணை டச்சு ஓவியர் வெர்மீர் 1657-59 வாக்கில் வரைந்தார். அவள் பின்னால் வெறுமையாகத் தெரிந்த சுவரில், காதல் தெய்வமான க்யூபிட்டின் படம் ஒன்று மேல்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்தது. ஓவியம் ஜெர்மனியில், டிரெஸ்டன் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மேல்பூச்சை நீக்கி அதை வெளிக்கொணர்ந்த, 2017-இல் தொடங்கி 2021-இல் முடிந்த சீரமைப்பு பற்றி நண்பர்கள் கேட்டவை இவை.

கேள்வி: வெற்றுச் சுவருக்குள் க்யூபிட் படம் இருப்பது எப்படித் தெரிந்தது?

1979-இலேயே எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டது. ஈய வெள்ளை என்ற வண்ணப்பொருள் எக்ஸ்ரேயைத் தடுக்கும், அதனால் அது பூசிய இடம் வெளிறித் தெரியும். ஆனால் வெர்மீரே மனம் மாறி மறைத்துவிட்டார் என்று எல்லோரும் நம்பியதால் யாரும் அதில் கை வைக்கவில்லை.

கேள்வி: வேறொருவர் மறைத்தது என்று அப்புறம் எப்படி உறுதி செய்தார்கள் சார்?

பழுப்பேறிய வார்னிஷை எடுக்கும்போது, சுவரின் நடுப்பகுதி மட்டும் கரைப்பானில் வேறு மாதிரி நடந்துகொண்டது. அதுதான் முதல் சந்தேகம். அங்கிருந்து கண்ணுக்கே எட்டாத துணுக்கு ஒன்றை எடுத்து, பிசினில் பதித்து, மெருகேற்றி, பக்கவாட்டில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். லேயர் கேக்கை வெட்டியதுபோல அடுக்குகள் தெரியும். கீழே க்யூபிட்டின் வண்ணம், அதன் மேல் வார்னிஷ், வார்னிஷின் மேல் அழுக்கு, அதற்கும் மேலே சுவர்ப்பூச்சு. அந்த அழுக்குதான் சாட்சி! அவ்வளவு படியப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். வெர்மீரோ 1675-இல் இறந்துவிட்டார்.

கேள்வி: எக்ஸ்ரே இருக்கும்போது எக்ஸ்ஆர்எஃப் ஸ்கேன் எதற்கு?

எக்ஸ்ரே எல்லா அடுக்கையும் ஒரே நிழலாகக் குழப்பிவிடும். எக்ஸ்ஆர்எஃப் என்பது எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு தனிமமும் திருப்பி வெளியிடும் கதிரை அளக்கும் முறை, அதனால் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி வரைபடம் தரும். பாதரசம் தெரிந்தால், பெரும்பாலும் அங்கே பாதரசம் கலந்த வெர்மிலியன் சிவப்பு. இந்த ஸ்கேனுக்கு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் உதவியது.

கேள்வி: மேல்பூச்சை நீக்க, கரைப்பானால் துடைக்காமல் ஏன் கத்தி?

மேல்பூச்சைக் கரைக்கும் திரவம் அடியிலுள்ள பழைய வார்னிஷையும் கொண்டுபோய்விடும். அதனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே அறுவைக் கத்தியால் துளித்துளியாகச் சுரண்டினார்கள். பார்த்தாலே மூச்சு நின்றுவிடும் வேலை.

கேள்வி: அந்த வெற்றுச் சுவர்தானே அழகாக இருந்தது?

பலருக்கும் அந்த வருத்தம் உண்டு, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அமைதி வெர்மீர் தந்ததல்ல. அவர் வரைந்த க்யூபிட் முகமூடிகளை மிதித்து நிற்கிறான். பொய்யை வெல்லும் காதல் என்று பொருள். அவள் கையிலிருப்பது காதல் கடிதம் என்பதை ஓவியரே சுவரில் சொல்லியிருக்கும்போது, அதை மூடியே வைத்திருப்பது சரியல்ல என்பது என் கருத்து. வெற்றுச் சுவர் பிடித்தவர்களுக்குப் பழைய புகைப்படங்கள் நிறையவே கிடைக்கின்றன.