ரிமோட்டைக் கழற்றும் முன் காரைக் கழற்றுங்கள்

கேள்வி இது: 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மை கார், பத்து மீட்டர் தாண்டினால் ரிமோட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. ரிமோட்டில் 9 வோல்ட் பேட்டரிக்குப் பதில் 12 வோல்ட் கொடுத்தால், அல்லது அதிலுள்ள டிரான்சிஸ்டரை மாற்றினால் தூரம் கூடுமா?

கூடும். ஆனால் எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 வோல்ட்டை 12 ஆக்கினால் சக்தி ஏறக்குறைய 1.8 மடங்காகும். தடையே இல்லாத வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு சக்தி தேவை. அதனால் உங்கள் பத்து மீட்டர் பதின்மூன்று மீட்டராகலாம், அவ்வளவுதான். தரையை ஒட்டி ஓடும் காருக்கு அதுகூட முழுசாகக் கிடைக்காது. தரையில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையைத் தின்றுவிடுவதால், தூரம் இரட்டிப்பாக 16 மடங்கு வரைகூடச் சக்தி கேட்கும். இந்த மூன்று மீட்டருக்காக டிரான்சிஸ்டரைச் சூடாக்குவது எனக்கு லாபகரமாகத் தெரியவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பொத்தான்களைத் துடிப்புகளாக மாற்றும் சிப் (பெரும்பாலும் டிஎக்ஸ்-2பி வகை) குறைந்த வோல்ட்டேஜில் ஓடுவது. 9 வோல்ட் ரிமோட்டில் ஒரு ரெசிஸ்டரும் ஜீனர் டையோடும் (வோல்ட்டேஜை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாதது) சேர்ந்துதான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். வோல்ட்டேஜைக் கூட்டினால் முதல் அடி அங்கேதான் விழும்.

எனவே ரிமோட்டை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் காரின் மேல்மூடியைக் கழற்றுங்கள். என் அனுபவத்தில் தூரம் தொலைவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் ஆன்டெனா. பல கார்களில் அந்த மெல்லிய வயரைச் சுருட்டி மோட்டாருக்குப் பக்கத்திலேயே திணித்திருப்பார்கள். அதைப் பிரித்து, மூடியில் ஒரு துளை வழியாக வெளியே எடுத்து, ஒரு பிளாஸ்டிக் குழலில் செருகிச் செங்குத்தாக நிறுத்துங்கள். இதற்குச் செலவும் இல்லை, பலனும் உடனே தெரியும். சரி, வயரை இன்னும் நீளமாக்கலாமா? 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர். அதில் கால் பங்கு என்றாலும் 2.75 மீட்டர் வயரைப் பொம்மை கார் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பத்து, இருபது சென்டிமீட்டர் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டுத்தான் அடுத்த துண்டைச் சேர்க்க வேண்டும். காரணம், இந்தக் கார்களில் இருப்பது சூப்பர் ரீஜெனரேட்டிவ் ரிசீவர். ஒரே டிரான்சிஸ்டர், அலைவுறும் நிலையின் விளிம்பில் நின்றுகொண்டு சிக்னலைப் பிடிக்கிறது. ஆன்டெனா அதன் மேல் அதிகம் பாரம் ஏற்றினால் டியூனிங் நகரும், சில சமயம் அலைவே நின்றுபோகும்.

அடுத்தது மோட்டார் இரைச்சல். இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. தூரத்தின் எல்லையில் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் இடம் வலம் திருப்புங்கள். அது ஒழுங்காக வேலை செய்து, முன்னால் ஓட்டும்போது மட்டும் கார் திக்கித் திக்கிப் போனால் காரணம் பெரும்பாலும் மோட்டார்தான். மோட்டார் சுற்றத் தொடங்கியதும் பிரஷ்களின் தீப்பொறி ரிசீவரைச் செவிடாக்குகிறது. சிக்னல் அறுந்ததும் மோட்டார் நிற்கிறது. இரைச்சல் அடங்கியதும் ரிசீவருக்கு மறுபடி காது கேட்கிறது. இந்தச் சுற்றுதான் அந்தத் திக்கல். (பேட்டரி தளர்ந்தாலும் இதே மாதிரி திக்கும். அதனால் புது பேட்டரி போட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும்.)

மருந்து, 104 என்று எண் போட்ட செராமிக் கெப்பாசிட்டர் மூன்று. ஒன்று மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் நடுவில். மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்து மோட்டாரின் உலோகக் கூட்டுக்கு. கூட்டின் மேல் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். அந்த இடத்தை அரத்தால் பளபளப்பாகத் தேய்த்து, ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) வைத்து, சூடான சால்டரிங் அயர்னால் சட்டென்று பற்றவைத்துவிடுங்கள். ரொம்ப நேரம் சூடு காட்டினால் உள்ளே பிரஷைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உருகும். மோட்டார் வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவதும் நல்லது.

மூன்றாவது, ரிசீவரின் டியூனிங் காயில். முதல் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் மெழுகு ஊற்றிய சிறு காயில் ஒன்று இருக்கும், நடுவில் திருகக்கூடிய ஃபெரைட் துண்டு. கார் குலுங்கிக் குலுங்கி, நாளாவட்டத்தில் அது இடம் மாறியிருக்கலாம். இப்போது இருக்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் ரிமோட்டை அழுத்திக்கொண்டே பின்னால் நடக்கட்டும். சிக்னல் தடுமாறத் தொடங்கும் இடத்தில் அவரை நிறுத்திவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். உலோக ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது உள்ளே போனாலே காயிலின் மதிப்பு மாறும், வெளியே எடுத்ததும் நீங்கள் பிடித்த உச்சம் காணாமல் போகும். பிளாஸ்டிக் குச்சியைச் சீவிக்கொண்டால் போதும். ஃபெரைட் எளிதில் விரிசல் விடும், அழுத்த வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு ரிமோட்டுக்கு வரலாம். இங்கேயும் சக்தியைத் தொட வேண்டியதில்லை.

நீட்டும் ஆன்டெனாவை முழுசாக நீட்டுங்கள். அடியில் அதைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறதா, வயர் பற்றவைத்த இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டும்போது பெரும்பாலோர் ஆன்டெனாவின் நுனியைக் காரை நோக்கி நீட்டுவார்கள். நுனி காட்டும் திசையில்தான் அலை மிகக் குறைவாகப் போகும். செங்குத்தாகப் பிடிப்பதே சரி.

பலரும் கவனிக்காத ஒன்று, ஆன்டெனாவின் மறுபாதி. ஒரு முனையில் மின்னோட்டம் வெளியே போக வேண்டுமானால் மறுமுனையில் அதற்கு ஈடாக ஏதாவது வேண்டும். ரிமோட்டில் அந்த வேலையைச் செய்வது சிறிய சர்க்யூட் போர்டும் அதைப் பிடித்திருக்கும் உங்கள் உடம்பும்தான். போர்டில் பேட்டரியின் நெகட்டிவ் சேரும் இடத்தில் ஒரு மீட்டர் வயரைப் பற்றவைத்து, கீழே தொங்கவிட்டுப் பாருங்கள். பல ரிமோட்டுகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தெரிகிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். 1என்60 போன்ற ஜெர்மானியம் டையோடு ஒன்று, 103 கெப்பாசிட்டர் ஒன்று, ஒரு முழ வயர், மல்டிமீட்டர் இருந்தால் புலவலிமை காட்டும் சிறு கருவி தயார். வயர் டையோடின் ஒரு முனையில், கெப்பாசிட்டர் மறுமுனைக்கும் தரைக்கும் (நிலமல்ல, சர்க்யூட்டின் பொது இணைப்புப் புள்ளி) நடுவில், மீட்டரை கெப்பாசிட்டரின் இரு பக்கமும் மில்லிவோல்ட் அளவில் வையுங்கள். வயர் சேரும் முனையிலிருந்து தரைக்கு ஒரு சிறு சோக் காயிலும் வேண்டும், நேர்மின்னோட்டம் சுற்றி வர வழி தேவை. இதை இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் வைத்துவிட்டு, ரிமோட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். ரிமோட் ஆன்டெனாவின் நீளத்தையே கூட்டினால் அடியிலுள்ள காயிலை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். அதையும் இந்த மீட்டரைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

சக்தியைப் பெருக்கும் பூஸ்டர் போர்டு ஒன்றை நடுவில் சேர்க்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். பொம்மைகளை உரிமமில்லாமல் இயக்க விடுவதே அவற்றின் சக்தி மிகக் குறைவு என்பதால்தான். கூடவே ஹார்மோனிக்ஸும் (அலைவரிசையின் இரண்டு, மூன்று மடங்குகளில் எழும் வேண்டாத சிக்னல்கள்) பெருகும். உதாரணமாக 49.86 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டின் இரண்டாவது ஹார்மோனிக் 99.72, அதாவது எஃப்எம் வானொலியின் நட்டநடுவில் போய் உட்காரும்.

உங்கள் கார் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை என்றால் மேலே சொன்ன ஆன்டெனா கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே கால் அலை 31 மில்லிமீட்டர்தான். வயரை நீட்டினால் தூரம் குறையும். அது அறுந்திருக்கிறதா, பேட்டரியோடு ஒட்டிக் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

நூறு மீட்டர்தான் வேண்டும் என்றால் பழைய ரேடியோவையே தூக்கிவிடுவது நல்லது. கடைகளில் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரை அப்படியே மாட்ட முடியாது. அது சர்வோவுக்கான (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) துடிப்பைத் தரும். மலிவான காரில் ஸ்டியரிங்குக்கு இருப்பதோ ஒரு மோட்டாரும் ஸ்பிரிங்கும்தான். அதனால் காரில் துடிப்புகளைக் கட்டளைகளாக மாற்றும் ஆர்எக்ஸ்-2பி சிப்பைக் கழற்றி, முன், பின், இடம், வலம் என்று அது தந்துவந்த நான்கு அவுட்புட்களின் இடத்தில் ஒரு மைக்ரோகன்ட்ரோலரின் (புரோகிராம் எழுதக்கூடிய சிறு சிப்) அவுட்புட்களை இணைத்து, என்ஆர்எஃப்24எல்01 என்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ மாட்யூல் இரண்டை, பக்கத்துக்கு ஒன்றாக, வைப்பது வசதி. போர்டிலுள்ள மோட்டார் டிரைவர் அப்படியே பயன்படும். புரோகிராமில் இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும்: அரை நொடி சிக்னல் வராவிட்டால் எல்லா அவுட்புட்டும் அணைய வேண்டும், முன், பின் இரண்டும் ஒரே நேரத்தில் ஒருபோதும் இயங்கக் கூடாது. இயங்கினால் டிரைவர் டிரான்சிஸ்டர்கள் பேட்டரியை நேராக ஷார்ட் செய்துவிடும்.