மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) கற்றவர்கள் அதை மறக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? சொல் சேர்க்கும் மாதச் சவால் உதவுமா?

எனக்கு உதவியது. ஆனால் நினைத்த வழியில் அல்ல, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஊர் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், வீட்டுப் பேச்சு மட்டும் கோயமுத்தூர்த் தமிழ். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. நான் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமத் தேர்வு எழுதியபோது ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் எடுக்கவும் அனுப்பவும் வேண்டும். தேறினேன், கால்சைன், அதாவது என் நிலையத்தின் அடையாளப் பெயர், வந்தது. அப்புறம் மைக்கைப் பிடித்துப் பேசுவதிலேயே பொழுது போய்விட்டது. ஒன்றரை வருடம் கழித்து 7 மெகாஹெர்ட்ஸில் ஒருவர் நிதானமாக மோர்ஸில் சிக்யூ (யாராவது பேச வாருங்கள்) என்று அழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கால்சைனில் மூன்று எழுத்துக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. பதில் சொல்லாமல் ரேடியோவை அணைத்துவிட்டேன்.

சவால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: வட அமெரிக்க கியூஆர்பி சிடபிள்யூ கிளப் என்று ஒன்று 2004 முதல் இருக்கிறது. 5 வாட்டுக்கு மேல் போகாமல் (கியூஆர்பி), மோர்ஸில் மட்டும் (சிடபிள்யூ) பேசுகிறவர்களின் சங்கம். சந்தா கிடையாது. அவர்கள் மாதாமாதம் ஒரு சவால் வைப்பார்கள். அந்த மாதம் தொடர்புகொண்ட நிலையங்களின் கால்சைன் எழுத்துகளைக் கோத்துச் சொற்களை உண்டாக்குவது அதில் ஒரு வகை. அதைப் பார்த்து நாங்கள் மூன்று பேர் எங்களுக்கென்று ஒரு விதி போட்டுக்கொண்டோம். ஒரு கால்சைனிலிருந்து ஒரே ஒரு எழுத்துதான் எடுக்கலாம். அதே நிலையத்தை அந்த மாதத்தில் மறுபடி கணக்கில் சேர்க்கக் கூடாது. சொற்கள் தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில் எழுதினால் எப்படி வருமோ அப்படி. மாதம் ரேடியோ உலகின் பொது நேரப்படி தொடங்கும், அதாவது நமக்கு விடிகாலை 5.30.

5 வாட் என்றதும் பலர் சிரிக்கிறார்கள். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் குறைவது 13 டெசிபெல். எதிர்முனையில் சிக்னலை அளக்கும் மீட்டரில் ஒரு படி, அதாவது ஒரு எஸ், என்பது 6 டெசிபெல், ஆகவே இரண்டு எஸ்ஸுக்குச் சற்று மேல் இறங்கும், அவ்வளவுதான். பேச்சொலி என்றால் அந்த இறக்கத்தில் இரைச்சலுக்குள் கரைந்துவிடும். மோர்ஸ் மிகக் குறுகலான அலைவரிசைக்குள் அடங்கிவிடும் என்பதால் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது எழுத்துகளுக்கு வருவோம், இதில்தான் சுவாரசியமே. இந்திய நிலையம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் வி, யூ என்றுதான் தொடங்கும். ஆகவே எங்களுக்கு யூ கறிவேப்பிலை மாதிரி, கேட்காமலே கிடைக்கும். ஏ வேண்டுமென்றால் வளைகுடா: ஓமன் ஏ4, எமிரேட்ஸ் ஏ6, கத்தார் ஏ7. இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கேதான் இருக்கிறார், ரேடியோவிலும் அதே திசைதான். ஓ வேண்டுமென்றால் ஐரோப்பா வரை போக வேண்டும்: செக் நாடு ஓகே, பின்லாந்து ஓஎச், ஆஸ்திரியா ஓஇ, பெல்ஜியம் ஓஎன். எஸ்ஸுக்கு இலங்கையின் 4எஸ் பக்கத்திலேயே இருக்கிறது. மாலத்தீவு 8கியூ, ஆனால் எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு கியூ வேண்டும்?

ஈதான் தலைவலி. மோர்ஸில் ஈ என்பது ஒற்றைப் புள்ளி. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்து என்பதால் அதற்கு மிகச் சிறிய குறியைக் கொடுத்தார்கள். அனுப்புவதற்கு அதைவிட மலிவான எழுத்து இல்லை. கால்சைனில் தேடினால் மட்டும் தங்கம். ஸ்பெயின் இஏ, அயர்லாந்து இஐ, எஸ்தோனியா இஎஸ், எல்லாம் தொலைவு. தாய்லாந்துக்கு எச்எஸ் தவிர ஈ2 என்றும் ஒரு முன்னெழுத்து உண்டு என்று தெரிந்துகொண்டதே இந்த ஈயைத் தேடி அலைந்ததில்தான்.

ஒரு ஆடி மாதம் தலைப்பு மரங்கள். நான் எடுத்த சொல் வேம்பு: வி, ஈ, எம், பி, யூ. வி, யூ இரண்டும் முதல் நாளே இரண்டு இந்திய நிலையங்களில் முடிந்தது. மலேசியாவின் 9எம் ஒன்று எம் கொடுத்தது, இந்தோனேசியாவின் ஒய்பி ஒன்று பி கொடுத்தது. ஈ மட்டும் பாக்கி. இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து இரண்டு வாரம் ஸ்பெயினைத் துரத்தினேன். கேட்கும். கூப்பிடுவேன். என் 5 வாட்டை மிதித்துக்கொண்டு யாராவது ஒரு பெரிய நிலையம் போய்விடும். காலையில் அம்மா, "என்ன கண்ணு, நேத்து ராத்திரியாவது எழுத்து சிக்குச்சா?" என்பார், ஏதோ தூண்டில் போடப் போனவனைக் கேட்பது போல.

இதற்கு நடுவில் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் மலையே ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு விட்டுக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாக நுழையும்போது எங்கள் வீட்டுப் பனைகள் ராத்திரி முழுக்கப் பேசும். 20 மீட்டர் நீள டைபோல் ஆன்டெனாக் கம்பியின் நடுவை ஒரு பனையில் 15 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருந்தேன். ஒருநாள் விடிந்து பார்த்தால் கயிறு அறுந்து, கம்பி நிலக்கடலைக் காட்டில் கிடக்கிறது. காற்று நிற்காமல் பனையேற ஆள் வர மாட்டார். வேறு வழியின்றி கிணற்றுமேட்டுக் கம்பத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இழுத்துக் கட்டினேன்.

தாழ்வான ஆன்டெனா தூரத்துக்கு உதவாது. அலை பெரும்பாலும் நேர் மேலே போய், அயனிமண்டலத்தில் பட்டு, நேர் கீழே இறங்கும். ஐரோப்பா அத்தோடு முடிந்தது என்று ரேடியோவைத் தொடாமல் இருந்தேன். ஒரு மதியம் கரண்ட் போயிற்று. எங்கள் பக்கம் பம்புசெட்டும் எல்இடி விளக்குகளும் போடும் இரைச்சல் கொஞ்சநஞ்சமல்ல; கரண்ட் போனால்தான் அலைவரிசை தூங்கி எழுந்தது போல் தெளியும். பேட்டரியில் ரேடியோவைப் போட்டேன். 7.030 மெகாஹெர்ட்ஸில் ஒரு வியூ2 நிலையம், மோர்ஸ் தட்டும் கைச்சாவியில், மெதுவாக, அழுத்தமாக வந்துகொண்டிருந்தது. முழுக் கால்சைனையும் ஒரே மூச்சில் எழுதினேன். கடைசி எழுத்து ஒற்றைப் புள்ளி.

கோவைக்காரர். எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போனால் ஒரு மணி நேரம். பணி ஓய்வு பெற்றவர், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் மட்டும் சாவியைத் தொடுவாராம். நான் ஸ்பெயினுக்காகக் கண்விழித்த இரவுகளில் அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். சிக்னல் ரிப்போர்ட் பரிமாறி முடித்ததும், எஸ்-ஏ-பி-பி-ஐ என்று எழுத்தெழுத்தாகத் தட்டத் தொடங்கினார். என்ன ஆங்கிலச் சொல் இது என்று விழித்து, நடுவழியில்தான் விளங்கியது: "சாப்பிட்டாச்சா".

நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில். முன்பெல்லாம் நான் நாடுகளைத் தேடுவேன். கால்சைனின் தொடக்கம் தெரிந்தால் போதும், மிச்சத்தை ஊகித்து எழுதிவிடுவேன். எழுத்தைத் தேட ஆரம்பித்தபின் ஊகிக்க முடியாது, ஒவ்வொன்றையும் கேட்டாக வேண்டும். பக்கத்தில் இருப்பவர், மெதுவாக அனுப்புபவர், யாரும் கண்டுகொள்ளாதவர் எல்லாரிடமும் எனக்கு வேண்டிய எழுத்து ஒன்று இருக்கக்கூடும். இப்படி ஒரு நாளைக்கு இருபது நிமிடம் கேட்டால் காது தானாகத் திரும்பி வரும்.

ஏமாந்ததும் உண்டு. தென்னைக்கு எச் தேவைப்பட்டபோது, ஒருவரின் கடைசி எழுத்தை எச் என்று எழுதிக் கணக்குக் காட்டிவிட்டேன். அது எஸ். மூன்று புள்ளிதான் அவர் அனுப்பியது. தூரத்து மின்னலின் சடசடப்பு நான்காவது புள்ளியைச் சேர்த்துவிட்டது. நண்பர்கள் இன்னும் விடவில்லை. சந்தேகம் இருந்தால் கேள்விக்குறியைத் தட்டி மறுபடி கேளுங்கள், கேட்பதில் அவமானமே இல்லை. வேகம் தாங்கவில்லையா, கியூஆர்எஸ் (மெதுவாக அனுப்புங்கள்) என்று அனுப்புங்கள். நல்ல ஆபரேட்டர் உடனே குறைப்பார். குறைக்காதவரிடம் உங்களுக்கு எழுத்து வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும். காகிதத்தில் புள்ளி, கோடு போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். அப்படிப் படித்ததால்தான் எனக்குத் துருப்பிடித்தது. ஒலியாகவே பழகுங்கள். வியூ2 என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: டிடிடிடா, டிடிடா, டிடிடாடாடா. உருமிக்காரர் கேட்டால் ஒரே தடவையில் திருப்பி வாசிப்பார். எழுத்தை வேகமாகவும், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை நீளமாகவும் வைத்துப் பழகினால் புள்ளிகளை எண்ணும் கெட்ட பழக்கம் வராது.

பனையில் கம்பி மறுபடி ஏறிவிட்டது. கிணற்றுமேட்டுக் கம்பியையும் கழற்றவில்லை.

இந்த மாதம் தலைப்பு ஊர்ப்பெயர்கள். சொந்த ஊரை எடுத்துத் தொலைத்தேன்: 13 எழுத்து, அதில் மூன்று ஏ, ஒரு ஜே. ஜே ஜப்பானில் கிடைத்துவிட்டது. 'ழ'வுக்கு இசட், எச் இரண்டும் போட வேண்டும் என்று மற்ற இருவரும் பிடிவாதம். எல் போட்டால் போதும் என்று நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் இசட்டுக்கு டென்மார்க்கோ நியூசிலாந்தோ வேண்டும், மாதம் முடிய ஆறு நாள்தான் இருக்கிறது.