பேலியோக்காரர்களுக்கும் சேர்த்து விருந்து: பூரணம் வைத்த காளான், பஜ்ஜி மிளகாய்

வீட்டு விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேலியோ (தானியம், பருப்பு, சர்க்கரையைத் தவிர்க்கும் உணவுமுறை), சிலருக்குச் சர்க்கரை நோய், அவர்களுக்கு மாவுச்சத்து குறைவாக, காய்க்குள் பூரணம் வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டன் காளான் செய்யுங்கள். கூடவே பஜ்ஜி மிளகாய். இந்த இரண்டு போதும்.

போன வருடம் மாமனாரின் பிறந்தநாளுக்கு நானும் இதைத்தான் செய்தேன். உருளைக்கிழங்கு மசாலாவுக்குப் பதில் பன்னீரை உதிர்த்து, உப்பு, மிளகுத்தூள் போட்டு, பச்சைக் காளானில் அடைத்து, அப்படியே தவாவில் மூடி வைத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் எல்லாம் மிதக்கிறது. பெரியப்பா தட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, காளான் குளிச்சிட்டு வந்திருக்கா?" என்றார். அன்று எல்லோரும் முறுக்கைத்தான் காலி செய்தார்கள்.

காரணம் அப்புறம்தான் உறைத்தது. காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். வழக்கமாக நாம் வைக்கும் உருளைக்கிழங்கும் கடலை மாவும் ரொட்டித் தூளும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும். 100 கிராம் கடலை மாவில் 55 கிராமுக்கு மேல் மாவுச்சத்து என்று அதை எடுத்துவிட்டால், தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அதனால் அதை முன்பே வெளியேற்ற வேண்டும்.

இப்போது நான் செய்வது இது. 15 பேருக்கு 200 கிராம் பாக்கெட் மூன்று. காம்பைத் திருகி எடுத்துப் பொடியாக நறுக்கிக்கொள்ளவும். குடைகளைக் குழிப்பணியாரச் சட்டியில், குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி, எண்ணெய் விடாமல் வைக்கவும். நாலைந்து நிமிடத்தில் சட்டியில் நீர் தேங்கும். அதை ஊற்றிவிட்டு, குடைகளை ஒரு துணியில் கவிழ்த்து வையுங்கள். உப்பு இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

பூரணத்துக்கு 300 கிராம் பன்னீரைத் துணியில் கட்டிப் பிழிந்து உதிர்க்கவும். நறுக்கிய காம்பு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் நெய்யில் சுருள வதக்கி, பன்னீரோடு சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி பாதாம் பொடி போட்டுப் பிசையவும். பேலியோக்காரர்கள் வேர்க்கடலையைத் தொட மாட்டார்கள், அது பருப்பு வகை. பாதாம் என்றால் முகம் மலரும். முட்டை சாப்பிடுகிறவர்கள் என்றால் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக்கொள்ளலாம், நன்றாகப் பிடித்துக்கொள்ளும். உப்பு கடைசியில்.

அடைத்ததும் மறுபடி பணியாரச் சட்டிதான். காளான் அந்தக் குழியில் சாயாமல் உட்காரும், அதற்கென்றே செய்ததுபோல. சொட்டு நெய் விட்டு, மூடாமல் ஐந்து நிமிடம். அடி பொன்னிறமானால் எடுத்துவிடலாம்.

பஜ்ஜி மிளகாய்க்கு இவ்வளவு வேலை இல்லை. ஒரு பக்கம் கீறி, விதையை எடுத்துவிட்டு, இதே பூரணத்தையோ நீர் வற்றச் சுருள வதக்கிய கொத்துக்கறியையோ அடைத்து, தவாவில் உருட்டி உருட்டிச் சுட வேண்டியதுதான். அசைவம் சாப்பிடும் வீட்டில் கொத்துக்கறி மிளகாய்தான் முதலில் தீரும். குடைமிளகாய் பார்க்க அழகு, ஆனால் ஒன்றைத் தின்றால் வயிறு நிறைந்துவிடும், நின்றுகொண்டு கொறிக்கச் சரிவராது. பாகற்காய் வேண்டாம், விருந்தாளிகளைப் பழிவாங்குவது போலாகிவிடும்.

பூரணத்தை முதல் நாளே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். அடைப்பதை மட்டும் ஆட்கள் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தொட்டுக்கொள்ளப் புதினா சட்னி வைத்தால் வழக்கம்போல் பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் பருப்பு வகைதான். நான் போட்டேன், கொழுந்தனார் ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். கட்டித் தயிரில் புதினாவை அரைத்துக் கலந்தால் போதும்.