நாச்சியார்கோயில் விளக்கு: கடையிலேயே கழற்றிப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் மகள் புது வீடு குடிபோகிறாள். ஒரு ஜோடி குத்துவிளக்கு வாங்கி, திருச்சியிலிருந்து விமானத்தில் எடுத்துப் போக வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கும்பகோணத்திலேயே கடைகள் உண்டு. ஆனாலும் சுமார் 10 கி.மீ. தள்ளி நாச்சியார்கோயிலுக்கே போய்விடுங்கள். பட்டறைகள் அங்கேயே இருப்பதால், குறை தெரிந்தால் உடனே கடைசலுக்குக் கொடுத்துச் சரிசெய்யலாம்.

முதலில் மரையை, அதாவது பாகங்களைத் திருகி மாட்டும் புரியைப் பாருங்கள். அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அன்னம் எல்லாம் மரையில்தான் நிற்கின்றன. எல்லாவற்றையும் கழற்றி நீங்களே மாட்டுங்கள். முழுக்க இறுகியபின் தட்டு ஆடினால் அந்த விளக்கு வேண்டாம். ஏற்றிய திரியோடு சாய்ந்தால் எண்ணெய் தரையில்தான். ஒரு விளக்கின் தண்டு இன்னொன்றின் அடியில் சரியாக ஏறாமல் போகலாம். அதனால் கழற்றும்போதே ஒன்றின் பாகங்களுக்கெல்லாம் '1', மற்றதற்கு '2' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, தட்டில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். வார்ப்பில் விழுந்த ஊசித்துளை கண்ணுக்குத் தெரியாது, அடியில் துளிர்க்கும் ஈரம் காட்டிக்கொடுக்கும். திரி வைக்கும் முகத்தருகே சாம்பல் நிறத் திட்டு இருந்தால் அது ஈயப்பற்று. சுடர்ச் சூட்டில் இளகிவிடும், வாங்காதீர்கள்.

விலை எடைக்குத்தான். அடியைக் கவிழ்த்து, உள்ளே எதையாவது அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தண்டில் காந்தம் வையுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது, உள்ளே இரும்புக் கம்பி இருந்தால் இழுக்கும். தினமும் ஏற்றுகிற விளக்கென்றால் பளபளப்புக்காக லாக்கர் (lacquer) என்ற மெருகுப் பூச்சுப் பூசியதை எடுக்காதீர்கள். சூட்டில் அது கருகித் திட்டுத்திட்டாகும், புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

உயரத்தைவிட அடியின் விட்டம் முக்கியம், பெட்டியின் ஆழத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள். தண்டைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்துவார்கள். எல்லாமே செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். மரைகளில் துணி சுற்றுங்கள். அன்னத்தின் அலகுதான் முதலில் உடையும், அதைப் புடவை மடிப்பின் நடுவில் வையுங்கள்.

கடை ரசீதைக் கையில் வைத்திருங்கள், புதுப்பொருள் என்பதற்கு அதுதான் சான்று. வீட்டில் இருக்கும் பழைய விளக்கையும் சேர்த்து எடுத்துப் போக நினைக்க வேண்டாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.