கரித்துண்டின் வயது: ரேடியோகார்பன் கேள்வி பதில்

கேள்வி: அகழ்வுக்குழியில் வரலாற்றுக்கு முந்தைய அடுப்பு ஒன்று வெளிப்பட்டிருக்கிறது. கரி நிறைய இருக்கிறது. எவ்வளவு எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும்?

உயிர் போனபின் சிதைந்து குறைந்துகொண்டே போகும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதிலிருந்துதான் வயது கணக்கிடப்படுகிறது. அந்த அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். கருவிக்குக் கடைசியில் போய்ச் சேருவது சுமார் 1 மி.கி. கார்பன்தான். ஆனால் கழுவும்போது பாதி போய்விடும், சில நேரம் அதற்கு மேலும் போகும். அதனால் 20 முதல் 50 மி.கி. வரை, அதாவது மிளகளவுள்ள கெட்டியான ஒரே துண்டு இருந்தால் நிம்மதி. கிராம் கணக்கில் கரி கேட்டது, கார்பன்-14 சிதையும்போது வரும் பீட்டா துகள்களை எண்ணும் பழைய முறை.

அடுப்பைப் பாதியாக வெட்டிக் குறுக்குமுகம் பார்த்த பிறகு எடுங்கள். எரிந்து சிவந்த தரையோடு ஒட்டிக் கிடக்கும் கரிக்குத்தான் மதிப்பு. மேலே சரிந்து விழுந்த மண்ணில் இருப்பது எங்கிருந்து வந்ததென்று சொல்ல முடியாது. இடத்திலேயே படம் எடுத்து, நீளம், அகலம், ஆழம் என மூன்று அளவுகளையும் குறித்துக்கொண்டு, சுத்தமான கரணை நுனியாலோ உலோக இடுக்கியாலோ எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள். ஒரு மடிப்பில் ஒரு துண்டு. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்து, விவரச் சீட்டை இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள். சீட்டு கரியைத் தொடக்கூடாது.

பஞ்சு, மெல்லிழைத் தாள், பசை, உடையாமலிருக்கப் பூசும் ரசாயனம் எதுவும் வேண்டாம். பஞ்சும் தாளும் இன்றைய கார்பன். கரியின் துளைகளில் இழை மாட்டினால் பூதக்கண்ணாடியில்கூடத் தப்பிவிடும். ஈரக் கரியை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தாளைத் திறந்து வைத்து நிழலிலோ 40 டிகிரிக்கு மிகாத அடுப்பிலோ உலர்த்திவிட்டு மூடுங்கள்.

கேள்வி: பெரிய துண்டே இல்லை. பொடிப் பொடியாக இருக்கிறது. அத்தனையையும் சேர்த்து ஒரே மாதிரியாக அனுப்பலாமா சார்?

அனுப்பாதீர்கள். 3,000 வயதுக் கரியும் 5,000 வயதுக் கரியும் சம அளவில் கலந்தால் முடிவு ஏறத்தாழ 3,940 என்று வரும். அந்த ஆண்டில் அந்த இடத்தில் ஒன்றுமே நடந்திருக்காது. கருவியோ பிழை ±25 ஆண்டு என்று அழகாகப் போட்டுக் கொடுக்கும், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. 5 மி.கி. துண்டு ஒன்று தனியாகக் கிடைத்தாலும் பல ஆய்வகங்கள் முயன்று பார்க்கும். அளவு குறைவு என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் கரியை அமிலத்தில் போடுகிறார்கள் என்கிறார்கள். எதற்கு? கரியே எரிந்த பொருள்தானே, சுத்தமாகத்தானே இருக்கும்?

கரி உறிஞ்சும் பொருள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடந்தால் வழியே போன எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முக்கியமாக இரண்டு: மண்நீரில் வந்த சுண்ணாம்பு, மட்கிய இலைதழையிலிருந்து வந்த ஹியூமிக் அமிலம். இவற்றை நீக்கத்தான் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்ற மூன்று கட்டக் கழுவல்.

முதலில் நுண்ணோக்கியின் கீழ் வேர்த்தூவிகளைக் கையால் பொறுக்க வேண்டும். பிறகு 1 மோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 80 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். குமிழி வந்தால் சுண்ணாம்பு இருந்தது என்று பொருள். நன்கு அலசிய பின் 0.1 முதல் 1 மோலார் வரையுள்ள காஸ்டிக் சோடாவில் அதே சூட்டில் இருபது, முப்பது நிமிடம். கரைசல் தேநீர் நிறத்துக்கோ அதைவிடக் கருப்பாகவோ மாறும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி, நிறம் வருவது நிற்கும்வரை திரும்பச் செய்வார்கள். கடைசியில் மறுபடி அமிலம். இந்தக் கடைசி அமிலத்தைச் சிலர் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும், அது இன்றைய கார்பன். அமிலம்தான் அதை விரட்டுகிறது.

உலர்ந்ததைக் காப்பர் ஆக்சைடோடு குவார்ட்ஸ் குழாயில் அடைத்து 850, 900 டிகிரியில் எரித்து, வரும் வாயுவை இரும்புத்தூள் மேல் ஹைட்ரஜனோடு வினைபுரியவிட்டு கிராஃபைட் ஆக்குவார்கள். எரித்ததில் எத்தனை சதவீதம் கார்பன் கிடைத்தது என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நல்ல கரி பாதிக்கு மேல் கார்பனாக இருக்கும். 20 சதவீதம் என்று வந்தால் எரிந்தது பெரும்பாலும் மண்.

கேள்வி: என் மாதிரி காரத்தில் முழுக்கக் கரைந்துவிட்டதாம். கரி எப்படிக் கரையும்?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அது கரியே இல்லை. கறுத்த மட்கு, மாங்கனீசுக் கறை படிந்த கட்டி இவையெல்லாம் குழியில் கரியாகவே தோன்றும். உடைத்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: கரியாக இருந்தால் மரத்தின் குழாய்த் துளைகள் வரிசையாகத் தெரியும், முகம் மினுங்கும்.

இன்னொன்று, கரிதான், ஆனால் குறைந்த சூட்டில் அரைகுறையாகக் கருகியது, அல்லது காரத்தன்மையுள்ள மண்ணிலும் சாம்பலிலும் வெகுகாலம் கிடந்து ஆக்சிஜனேற்றம் அடைந்தது. அது தானே ஹியூமிக் பொருளாக மாறிப் போகிறது. மிச்சத் துண்டு இருந்தால் 0.1 மோலாருக்கும் குறைந்த காரத்தில், அறைச் சூட்டில், சில நிமிடம் மட்டும் கழுவச் சொல்லுங்கள். கரைந்த பகுதியை அமிலமிட்டுத் திரும்பப் படியவைத்துத் தனியாக அளக்கவும் முடியும். கரையாத மிச்சமும் கரைந்ததும் ஒரே வயது காட்டினால் பெரிய கலப்படம் இல்லை என்று ஓரளவு நம்பலாம். கரைந்தது மட்டும் இருந்தால், அந்த எண்ணை அடுப்பின் வயது என்று எழுதாதீர்கள்.

கேள்வி: 40,000 ஆண்டுப் பழமை எதிர்பார்க்கும் குகையில் 33,000 வந்திருக்கிறது. கலப்படம் இவ்வளவு மாற்றுமா?

தாராளமாக மாற்றும். 40,000 வயதில் கார்பன்-14 தொடக்க அளவில் 0.7 சதவீதம்தான் மிஞ்சியிருக்கும். அதில் 1 சதவீதம் இன்றைய கார்பன் சேர்ந்தால் கணக்கு 32,800 என்று முடியும். அதே 1 சதவீதம் 5,000 வயதுக் கரியில் சேர்ந்தால் 70 ஆண்டுதான் குறையும். கார்பன்-14 துளியும் இல்லாத நிலக்கரியில் சேர்ந்தால்கூட 37,000 என்று ஒரு 'வயது' வந்து நிற்கும். குகையில் எல்லாமே 35,000-ஐ ஒட்டி வந்து, ஆழத்துக்கு ஏற்ப ஏறாமல் தட்டையாக நின்றால், நீங்கள் அளப்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிய கார்பனை.

30,000-க்கு மேல் மூன்று கட்டக் கழுவலோடு நிற்கக் கூடாது. டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் 60 டிகிரியில் சுமார் 20 மணி நேரம் வைத்து, பிறகு 330, 630 டிகிரி என்று படிப்படியாகச் சூடேற்றி, ஒட்டிக்கொண்ட பொருளை முதலில் எரித்துத் தள்ளிவிட்டு மிஞ்சும் கார்பனை மட்டும் அளக்கும் கடுமுறை உண்டு. விலை: கரியில் பெரும்பகுதி அழிந்துவிடும். 100 மி.கி.க்குக் குறையாமல் கையில் இருந்தால்தான் துணியலாம். எப்படியும் 50,000-ஐ நெருங்கினால் முறையே தன் எல்லைக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் குழியில் மேலடுக்குக் கரி கீழடுக்குக் கரியைவிட 300 ஆண்டு பழையது. ஆய்வகம் தவறு செய்துவிட்டதா?

ஆய்வகத்தைச் சந்தேகிப்பது கடைசி வேலை. முதலில் கேட்க வேண்டியது, அது என்ன மரம், மரத்தின் எந்தப் பகுதி என்று. மரத்தின் ஒரு வளையத்துக்குக் காற்றின் கார்பன் சேருவது அந்த வளையம் உருவாகும் ஆண்டில் மட்டும். உள்ளே வைரம் பாய்ந்த பகுதி, மரம் உயிரோடு இருக்கும்போதே, நூற்றுக்கணக்கான ஆண்டு 'இறந்து' கிடக்கிறது. 300 வயது மரத்தை வெட்டி அன்றே எரித்தால் நடுத்துண்டு 300 ஆண்டு கூடுதலாகத்தான் காட்டும். அதோடு காய்ந்து கிடந்த மரம், ஆற்றில் அடித்து வந்த கட்டை, பழைய வீட்டு உத்தரத்தைப் பிடுங்கி எரித்தது எல்லாம் சேரும். இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான்: பழையதாக்கும், இளமையாக்காது. ± எண்ணில் இது அடங்கவே அடங்காது.

அதனால் அனுப்புவதற்கு முன்பே மர உடற்கூற்றியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். குறுக்கு, ஆர, தொடுகோட்டு முகங்களை உடைத்துப் பார்த்து மரக்குடும்பத்தையாவது சொல்வார். வளையங்களின் வளைவு இறுக்கமாக இருந்தால் சுள்ளி, தட்டையாக இருந்தால் பெருமரம். பட்டையோடு கூடிய சுள்ளி, கருகிய தானியம், கொட்டை ஓடு இவற்றுக்கு முதலிடம். ஒற்றைத் தானியம் ஓர் ஆண்டுக் கதை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தானியம் சிறியது, எலி வளையிலும் வேர்த்தடத்திலும் கறையான் துளையிலும் சரிந்து கீழே போய்விடும். அது உங்கள் மேலடுக்கு–கீழடுக்குக் குழப்பத்துக்கு மறுபக்கக் காரணமாகவும் இருக்கலாம். பின்னால் எதுவும் நுழையாத மூடிய சூழல் கிடைத்தால் அங்கிருந்து எடுங்கள்.

கேள்வி: 2450 ± 30 பி.பி. வந்தது. 1950-இலிருந்து கழித்தால் கி.மு. 500 தானே?

இல்லை. பி.பி. என்பது 1950-இலிருந்து பின்னோக்கி என்றாலும், அது நாட்காட்டி ஆண்டல்ல. கார்பன்-14 பாதியாகக் குறைய ஆகும் காலம்தான் அரைவாழ்வு. கணக்குப் பழைய 5,568 ஆண்டு அரைவாழ்வில் போடப்படுகிறது (சரியான மதிப்பு 5,730). காற்றின் கார்பன்-14 அளவும் காலந்தோறும் ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்வது மர வளையங்கள் முதலியவற்றைக் கொண்டு கட்டிய திருத்த வளைகோடு. இப்போதைய வடகோளப் பதிப்பு இன்ட்கால்20, தென்கோளத்துக்கு எஸ்.ஹெச்.கால்20.

உங்கள் எண் விழுந்திருப்பது அந்த வளைகோட்டின் மிக மோசமான இடத்தில். கி.மு. 800 முதல் 400 வரை அது கிட்டத்தட்டக் கிடையாக ஓடுகிறது. அதனால் 2450 ± 30-ஐத் திருத்தினால் 95 சதவீத நிகழ்தகவில் ஏறத்தாழ கி.மு. 750 முதல் 410 வரை என்று விரியும். நடுப்புள்ளியை எடுத்து 'கி.மு. 580' என்று எழுதுவது வெறும் ஆசை. பிழையை ±15 ஆக்கினாலும் இங்கே அதிகம் குறையாது. வழி: மண்ணடுக்கு வரிசை தெளிவாக உள்ள பல தேதிகளை எடுத்து, 'இது அதற்கு முந்தியது' என்ற தகவலையும் சேர்த்து ஆக்ஸ்கால் போன்ற மென்பொருளில் பேயஸ் முறையில் (முன்பே தெரிந்த தகவலையும் சேர்க்கும் நிகழ்தகவுக் கணக்கு) கணக்கிடுவது. கருகிய கட்டையில் ஐம்பது வளையத்துக்கு மேல் இருந்தால், பத்துப் பத்து வளைய இடைவெளியில் சில துண்டுகளை அளந்து வளைகோட்டின் நெளிவோடு பொருத்தலாம். தட்டைப் பகுதியிலும் ஓரளவு கை கொடுப்பது இதுதான்.

கேள்வி: ஒரே கரித்துண்டுக்கு இரண்டு ஆய்வகங்கள் 4520 ± 30, 4590 ± 35 என்று தந்திருக்கின்றன. எதை நம்புவது?

இரண்டையும். வித்தியாசம் 70, கூட்டுப் பிழை 46. வித்தியாசத்தைப் பிழையால் வகுத்து வர்க்கமாக்கினால் 2.3. இரண்டும் ஒத்துப்போகின்றன என்று ஏற்க 95 சதவீத வரம்பு 3.84. சாதாரண ஆட்டம்தான். எடையிட்ட சராசரி (பிழை குறைந்த எண்ணுக்குக் கூடுதல் மதிப்பு தருவது) 4550 ± 23. ஒரே துண்டு என்பதால்தான் சராசரி செல்லும். வெவ்வேறு துண்டுகள் என்றால் சராசரி எடுக்கக் கூடாது.

கேள்வி: டெல்டா கார்பன்-13 என்று −12 போட்டிருக்கிறார்கள். அதனால் தேதி மாறுமா?

அது கார்பன்-13-க்கும் கார்பன்-12-க்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எண். எல்லா மாதிரிகளுக்கும் பொதுவான −25-க்கு ஆய்வகம் கணக்கை இயல்பாக்கி இருந்தால் உங்களுக்கு வேலையில்லை. −12 சில புல்வகைகளுக்கும் சோள, கேழ்வரகு இனங்களுக்கும் உரிய மதிப்பு. திருத்தாமல் விட்டால் 200 ஆண்டுக்குச் சற்று மேல் இளமையாகக் காட்டும். ஆனால் ஏ.எம்.எஸ். கருவிக்குள்ளேயே அளந்த மதிப்பை வைத்து 'இது இந்தப் பயிர்' என்று முடிவு கட்டாதீர்கள். கிராஃபைட் ஆக்கும்போதே அது கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

கேள்வி: கற்கால அடுக்கில் எடுத்த கரிக்கு வயதே இல்லை, 1.08 என்று மட்டும் வந்திருக்கிறது.

இது 1950-இன் இயல்பான அளவோடு ஒப்பிட்ட கார்பன்-14 விகிதம். 1-க்கு மேல் என்றால் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிந்தைய கார்பன். 1.08 என்றால் 1950-களின் பிற்பகுதி, அல்லது 2000-ஆம் ஆண்டையொட்டிய காலம். எரிந்த வேர் கீழே இறங்கியிருக்கலாம், யாரோ குழி வெட்டி மூடியிருக்கலாம். கார்பன்-14 குறியிட்ட ரசாயனம் புழங்கும் உயிரியல் கூடத்தில் மாதிரியைப் பிரித்தீர்களா என்றும் பாருங்கள். அப்படியானால் 1.08 அல்ல, அபத்தமாகப் பெரிய எண்ணே வரக்கூடும். ஆய்வகத்துக்கு உடனே தெரிவியுங்கள், அவர்கள் கருவியே கெட்டுப்போகும்.

கேள்வி: கட்டுரையில் எதையெல்லாம் தர வேண்டும்?

ஆய்வக எண், திருத்தாத வயதும் பிழையும், என்ன பொருள் (மரப்பெயரோடு), கழுவிய முறை, கார்பன் சதவீதம், டெல்டா கார்பன்-13, எந்த வளைகோடு, எந்த மென்பொருள், அதன் பதிப்பு, 95.4 சதவீத வீச்சு. திருத்திய வீச்சை மட்டும் போட்டுத் திருத்தாத எண்ணை விட்டுவிட்டால், அடுத்த வளைகோடு வரும்போது உங்கள் தேதியை யாரும் மறுபடி கணக்கிட முடியாது.