உறைய வைத்ததில் பாதி விந்தணு போய்விட்டதே!

கேள்வி: வயது 27, திருமணம் ஆகவில்லை. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய்; அடுத்த வாரம் கீமோதெரபி. அதற்கு முன் விந்தணுவைச் சேமிக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். உறைய வைக்கும் முன் அசைவு (அசையும் விந்தணுக்களின் பங்கு) 48%. ஒரு குப்பியை உருக்கிப் பார்த்ததில் 21%தான். வருடங்கள் போனால் மிச்சமும் போய்விடுமா? பிறக்கும் குழந்தைக்குக் குறை வருமா?

பதில்: முதலில் அந்த 48%-ஐப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கீழ் வரம்பு 42%. லிம்போமா இருப்பவர்களில் பலருக்குச் சிகிச்சைக்கு முன்பே இது குறைந்திருக்கும். உங்களுக்கு நன்றாகவே இருக்கிறது.

உருக்கியதும் பாதியாவது எந்த லேபிலும் நடப்பதுதான். குளிரக் குளிர விந்தணுவைச் சுற்றியுள்ள நீர் பனிப்படிகமாகிறது, உள்ளே இருக்கும் நீரும் வெளியேறி அணு சுருங்குகிறது. உருக்கும்போது நீர் திரும்பிப் பாய்ந்து அணு உப்புகிறது. இந்த இழுபறியில் மேலுறை கிழியும்; வாலுக்கு எஞ்சின் போன்ற மைட்டோகாண்ட்ரியாவும் அடிபடும். அதனால்தான் எண்ணிக்கையைவிட அசைவு அதிகம் சரிகிறது. கிளிசரால் சேர்த்தால் இந்தச் சேதம் குறையும் என்பதை 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தணுவில் கண்டறிந்தார்கள். இன்றைக்கும் பெரும்பாலும் அதே கிளிசரால்தான்.

சேதமெல்லாம் உறையும்போதும் உருகும்போதும்தான். நடுவில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கும் வருடங்கள் கணக்கிலேயே வராது. பிரிட்டனில் 17 வயதில், விரைப் புற்றுநோய் சிகிச்சைக்கு முன் சேமித்த ஒருவருக்கு 21 ஆண்டுகள் கழித்துக் குழந்தை பிறந்தது 2004-ல் மருத்துவ இதழில் வெளியானது.

டி.என்.ஏ.வில் ஓரளவு முறிவு கூடலாம் என்பது உண்மை. ஆனால் 1953-லிருந்தே உறைந்த விந்தணுவால் கருத்தரிப்பு நடக்கிறது. அதனால் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. 1992-ல் வந்த, விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு உயிருள்ள ஒரே ஒரு அணு போதும். 21% அதற்குத் தாராளம்.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, இரண்டு நாள் இடைவெளியில் மேலும் ஒன்றிரண்டு முறை கொடுத்து வையுங்கள். சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் இதற்காகக் கீமோவைத் தள்ளிப் போடாதீர்கள், கீமோ தொடங்கிய பின் கொடுக்கவும் வேண்டாம். ஏ.பி.வி.டி. எனப்படும் நான்கு கீமோ மருந்துகளின் கூட்டு என்றால் ஓரிரு ஆண்டுகளில் இயற்கையாகவே விந்தணு உற்பத்தி திரும்ப நல்ல வாய்ப்புண்டு. எந்த மருந்து என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

விந்து வங்கியில் வருடக் கட்டணத்தைத் தவறாமல் கட்டுங்கள். போன் நம்பர் மாறினால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.